கங்காவுக்கு உரை எழுதியவர்: கடலூர் இலக்கிய அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் நகரத்திலும் மாவட்டத்திலும் ஜெயகாந்தன் பெயரால் ஆண்டுதோறும் கூட்டம் நடத்தும் இலக்கிய அமைப்புகள், வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள்.

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் மாதத்தில் ஜெயகாந்தனைப் பற்றிப் பேச நமக்கு இரண்டு நாட்கள் வாய்க்கின்றன. 8ஆம் தேதி அவர் மறைந்த நாள், 24ஆம் தேதி அவர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த நாள். வேறு எந்த ஊருக்கும் இல்லாத உரிமையோடு அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, அந்த இரண்டு நாட்களில் ஒன்றிலாவது ஏதாவது ஓர் அரங்கில் கூட்டம் நடந்துவிடுகிறது. நான் பெரும்பாலும் போய்விடுவேன். மின்விசிறிக்குக் கீழே கடைசி வரிசையில் ஓர் இடம் பிடித்து, நன்றியுரை முடியும்வரை இருப்பவள் நான். அண்மையில் அப்படி ஒரு கூட்டத்தில், அது யார் நடத்தியது என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையும் அதன் திரைப்படத்தையும் பற்றி ஒரு பேச்சாளர் நாற்பது நிமிடம் பேசினார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் எழுத்தாளர் இருந்தார், இயக்குநர் பீம்சிங் இருந்தார், இசையமைத்த விஸ்வநாதன்கூட இருந்தார். கங்காவாக நடித்த லட்சுமி அதில் இல்லை. பேச்சிலும் அவர் ஒரே ஒரு முறை, 'கதாநாயகி' என்ற பொதுப்பெயரில் வந்து போனார். கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அமைப்பாளர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "இது இலக்கியக் கூட்டம்மா, சினிமாக் கூட்டம் இல்லை."

அந்த இடத்தில் எனக்கு மறுமொழி சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததன் பலன்தான் இந்த மடல். அவருக்கு மட்டும் அல்லாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1975இல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை தொலைபேசித் துறையிலேயே இருந்தவள். முதல் பல ஆண்டுகள், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்தேன். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதமாக அழைப்புகள் பதிவான காலம் அது. ஹெட்போனில் நாள் முழுக்கக் குரல்களைக் கேட்பவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அழைப்பவர் சொல்லும் முதல் இரண்டு சொற்களிலேயே அது கல்யாணச் செய்தியா, சாவுச் செய்தியா என்று தெரிந்துவிடும். சாவுச் செய்தி சொல்ல வருபவர் குரலை உயர்த்த மாட்டார். ஊர்ப் பெயரையும் எண்ணையும் மற்றவர்களைவிடத் தெளிவாக, ஓர் எழுத்து விடாமல் சொல்வார். துக்கம் சொல்லைக் குழப்பும் என்று நாம் நினைக்கிறோம். முதல் சில நிமிடங்களில் அது சொல்லைத் துலக்கமாக்கிவிடுகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, போர்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நடிப்பைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி இது ஒன்றுதான்.

1977இல் அந்தப் படம் வந்தபோது என் அம்மாவோடு பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்குப் போகிற, இன்னும் கல்யாணமாகாத பெண். கங்காவைப்போலவே நானும் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போய்வருபவள் என்பதால், அம்மாவுக்கு அந்தப் படத்துக்கு என்னை அழைத்துப் போகவே தயக்கம் இருந்தது. நாவலை நான் முன்பே படித்திருந்தேன், அவர் படித்ததில்லை. படம் முடிந்து வெளியே வந்து, கெடிலம் பாலத்தை ரிக்ஷாவில் கடக்கும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏண்டி, அந்தப் பொண்ணு நம்ம ஊரா?"

நான் சிரித்துவிட்டேன். எழுதியவர்தான் நம்ம ஊர், நடித்தவர் மெட்ராஸ் என்று திருத்தினேன். அம்மா கேட்டது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அந்தக் கதை வந்த வழி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் வாதத்துக்கு அது வேண்டும். 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையாக ஆனந்த விகடனில் வந்தது. மழையில் ஒருவனுடைய காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவு ஊரையே இரண்டாக்கியது. அதன்பின் ஜெயகாந்தன் அதே பெண்ணை எடுத்து, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவல் எழுதினார். 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதுகிறார். அதைப் பத்திரிகையில் படிக்கும் கங்கா, தனக்கு நடந்தது அச்சில் இருப்பதையும், தனக்கு நடக்காத மன்னிப்பு அதில் இருப்பதையும் காண்கிறாள். ஒரே பெண்ணை ஓர் எழுத்தாளர் இரண்டு முறை எழுதிப் பார்த்தார். மூன்றாவது முறை, திரைக்கதையையும் அவரே எழுதினார். ஆனால் அந்த மூன்றாவது கங்கா காகிதத்தில் முடியவில்லை. இருபத்து நான்கு வயதுகூட நிறையாத ஒரு பெண்ணின் முகத்திலும் குரலிலும்தான் அவள் முழுமை அடைந்தாள்.

நாவலில் கங்கா தானே தன் கதையைச் சொல்கிறாள். பக்கம் பக்கமாக அவள் மனதுக்குள் ஓடுவதை நாம் வாசிக்கலாம். சினிமாவில் அந்த வசதி இல்லை. மனதுக்குள் ஓடியதை எல்லாம் ஒரு பார்வையிலும் ஒரு தாமதத்திலும் காட்ட வேண்டும். லட்சுமியின் கங்கா பேசும்போது நான் கேட்டது அந்த ட்ரங்க் கால் தெளிவைத்தான். வெங்கு மாமாவோடு பேசும்போதும், அண்ணன் வீட்டில் பேசும்போதும், பன்னிரண்டு வருடத்துக்குப் பின் அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசும்போதும், அவர் சொற்களை அழுகையில் கரைத்துவிடவில்லை. அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற பெண் பேசுகிற மாதிரி, வேண்டியதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல், ஒவ்வோர் எழுத்தும் நிற்கும்படி பேசுகிறார். இந்தப் பெண் பன்னிரண்டு வருடமாக அந்த முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டாள், அவளுடைய துக்கம் இன்னும் அழுகையாக இளகவே இல்லை என்பதை அந்தத் தெளிவான பேச்சு சொன்னது. நாவலை நான் இரண்டு முறை படித்திருந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. படம் பார்த்துவிட்டு மூன்றாம் முறை படித்தேன். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் அது இருந்தது.

ஒரு மூலநூலில் உள்ளதை, நூலாசிரியர் வெளிப்படையாகச் சொல்லாததை, நமக்கு எடுத்துக் காட்டுபவரைத் தமிழில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? உரையாசிரியர் என்கிறோம். பரிமேலழகர் இல்லாமல் நம்மில் பலர் குறளுக்குள் நுழைந்திருக்க மாட்டோம். அவரோடு சண்டை போடுகிறவர்கள்கூட அவரை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். நச்சினார்க்கினியரும் அடியார்க்கு நல்லாரும் இல்லாத தமிழ் இலக்கிய வரலாறு எந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்திலாவது உண்டா? உரை இலக்கியம்தான் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட மொழி இது. அப்படியிருக்க, கங்காவுக்கு உடம்பாலும் குரலாலும் உரை செய்தவரைச் 'சினிமா' என்று வாசலில் நிறுத்திவைப்பது எந்த வழக்கு? டீ குடித்தபடி நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுதான்.

நம்மை விடத் தேசிய விருதுக் குழு அன்றைக்கே விழித்திருந்தது. 1976ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகை விருது லட்சுமிக்குக் கிடைத்தது. ஒரு தமிழ்ப் படத்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவர். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஒருவர் படைத்த பெண் வழியாகத்தான் அந்தக் கதவு தமிழுக்குத் திறந்தது என்பதை நம் மேடைகளில் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு ஞானபீடம் கிடைத்ததைச் சொல்லாத பேச்சாளர் கிடையாது.

அதோடு முடியவில்லை. 1978இல் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' படமாக வந்தது. அதே எழுத்தாளர், அதே இயக்குநர், லட்சுமியும், முந்தைய படத்தில் அந்தக் கார்க்காரனாக நடித்த ஸ்ரீகாந்தும். நாடக நடிகை கல்யாணிக்கும் பத்திரிகைக்காரர் ரங்காவுக்கும் இடையிலான காதலும் கல்யாணமும் பிரிவும்தான் கதை. கல்யாணி யாரையும் குற்றம் சொல்லாதவள், எதையும் வற்புறுத்தாதவள். கங்காவுக்கு நேர் எதிர். கங்காவை நடித்தவரிடமே கல்யாணியையும் கொடுத்தார்கள். ஓர் எழுத்தாளரின் இரண்டு பெரிய நாவல்களின் நாயகிகளை ஒரே நடிகை ஏற்று நடித்தது தமிழ் சினிமாவில் அடிக்கடி நடந்த காரியம் அல்ல. கல்யாணியின் குரலில் நான் சொன்ன அந்தத் தெளிவு இல்லை. சற்றுத் தளர்ந்த, எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாத பேச்சு. நடிப்பே தொழிலான பெண்ணாக நடிக்கும்போது ஒருவர் எவ்வளவு நடிக்க வேண்டும், எங்கே நடிக்காமல் இருக்க வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு அல்ல. அந்தப் படத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு கூட்டமும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

லட்சுமிக்கு முன்னாலும் நம் மாவட்டத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. லட்சுமியின் தாயார் குமாரி ருக்மணி, 1945இல் ஏவி.மெய்யப்பனின் 'ஸ்ரீ வள்ளி'யில் டி.ஆர்.மகாலிங்கத்துக்கு ஜோடியாக வள்ளியாக நடித்தவர். அவர் பாடிய பாடல்கள் மெய்யப்பனுக்குத் திருப்தி தராததால், அவற்றை மறுபடி பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். பின்னணிக் குரல் நம் சினிமாவுக்கு வந்த தொடக்கக் கதைகளில் இது ஒன்று. பெரியநாயகியின் பெயரில் உள்ள முதல் எழுத்து பண்ருட்டி. தாய் வாயசைத்த பாட்டுக்கு நம் மாவட்டத்துக் குரல், மகள் பேசிய வசனத்துக்கு நம் மாவட்டத்துப் பேனா! தற்செயல்தான், இதில் பெருமை கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் மேடையில் பேசுகிற நாம் இதை ஒருமுறைகூடச் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஒரு நடிகையின் நெடிய வாழ்க்கையை ஒரு படத்தோடு முடித்துக்கொண்டால் அதுவும் அநியாயம். 1968இல் மல்லியம் ராஜகோபாலின் 'ஜீவனாம்சம்' படத்தில் தொடங்கியவர் அவர், வயது பதினைந்து. 1970இல் 'மாட்டுக்கார வேலன்' போன்ற படங்களில் எம்.ஜி.ஆரோடு நடித்தார். 1974இல் கே.எஸ்.சேதுமாதவனின் மலையாளப் படம் 'சட்டக்காரி', அடுத்த ஆண்டே அதே இயக்குநர் இந்தியில் எடுத்த 'ஜூலி'. கன்னடத்தில் ராஜ்குமாரோடு தொடங்கி, 'நா நின்ன பிடலாரே' வரை தனி வரலாறு. 1980இல் 'மழலைப் பட்டாளம்' படத்தைத் தானே இயக்கினார். நான்கைந்து மொழிகளில் நாயகியாக நின்ற ஒருவரை ஒரு பத்தியில் அடக்குவது சரியில்லை என்று தெரிந்தே விரைகிறேன், ஏனென்றால் நான் நின்று பேச விரும்புவது கங்காவுக்குப் பின் அவர் என்ன ஆனார் என்பதைப் பற்றி.

1984இல் அனுராதா ரமணனின் 'சிறை' சிறுகதையை ஆர்.சி.சக்தி படமாக்கினார். அதிலும் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுக்கிறான். கணவன் அவளை விட்டுவிட்டுப் போகிறான். போக்கிடம் இல்லாத அந்தப் பெண், தன்னைக் கெடுத்தவன் வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறாள். அவன் வீட்டிலேயே தன் ஒழுங்கோடு வாழ்கிறாள். அவன் இறந்தபின் கணவன் வந்து கூப்பிடும்போது போக மறுக்கிறாள். கங்காவின் கதையை அறிந்தவர்கள் இந்தக் கதையைப் படித்தால் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது போலவே இருக்கும். எழுதியவர்கள் வேறு, காலம் வேறு. அந்த இருவரையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நடித்தவர்தான். முப்பத்தோரு வயது லட்சுமி, கங்கா ஏழு வருடம் கழித்து என்ன முடிவு எடுத்திருப்பாள் என்று சொல்வதுபோல நடித்தார். இப்படி ஒரு பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை எழுதிப் போகிற வாய்ப்பு எழுத்தாளனுக்குக்கூட எளிதில் கிடைக்காது. 1986இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. பிளவுபட்ட வீட்டைச் சாமர்த்தியமாக ஒட்டவைத்துவிட்டு, ஒட்டியபின் தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லும் மூத்த மருமகள். அந்த முடிவைக் கேட்டுத் திகைத்த மாமியார்களை எனக்குத் தெரியும். மனதுக்குள் கை தட்டிய மருமகள்களையும் தெரியும், ஏனென்றால் நான் அதில் ஒருத்தி.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1981இல் வந்த 'நெற்றிக்கண்' படத்தில் ரஜினிகாந்துக்கு இரட்டை வேடம், அப்பாவும் மகனும். லட்சுமி அந்த அப்பாவுக்கு மனைவி, அதனால் மகன் ரஜினிக்குத் தாய். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. 1999இல் 'படையப்பா'வில் மறுபடியும் அதே ரஜினிக்குத் தாய். பிறந்த வருடத்தைப் பார்த்தால் அம்மாவைவிட மகன் இரண்டு வயது பெரியவர்! இடையில் 1998இல் 'ஜீன்ஸ்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குப் பாட்டி; நாற்பத்தைந்து வயதில் பாட்டி. சினிமாவில் நாயகனுக்கு ஆகாத வயது நாயகிக்கு இரண்டு மடங்காக ஆகும் என்பது ஊரறிந்த கணக்கு. அதைச் சொல்லிப் புலம்ப நான் இதை எழுதவில்லை. அந்தப் பாட்டி வேடத்திலும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. படத்தில் நடக்கும் ஆள்மாறாட்டத்துக்கே காரணம் அந்தப் பாட்டிதான், குறும்பும் பிடிவாதமும் அவரிடம்தான். கொடுத்த வயதை வாங்கிக்கொண்டு, அந்த வயதுக்குள் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். இலக்கிய அன்பர்கள் இங்கே முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். விஜய் டிவியில் 'கதையல்ல நிஜம்' என்ற நிகழ்ச்சியை லட்சுமி நடத்தினார். குடும்பச் சண்டைகளும், பிரிந்த கணவன் மனைவியும், வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளும் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர் நடுவில் உட்கார்ந்து கேட்டார். கன்னடத்திலும் இதே போன்ற நிகழ்ச்சியை நடத்தினார். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊர் பார்க்கப் பேசவைப்பது எனக்குப் பிடிக்காது. ட்ரங்க் போர்டில் இருந்தவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லித்தருவது, லைனில் கேட்டதை வெளியே விடக் கூடாது என்பது. அந்தப் பாடத்தில் வளர்ந்தவள் அந்த நிகழ்ச்சியை எப்படி ஒப்புக்கொள்வேன்? அதைப் பின்பற்றி வந்தவை இன்னும் மோசம். இருந்தும் அதை நான் பார்த்தேன், பல வாரம் விடாமல் பார்த்தேன். காரணம், அவர் கேட்ட விதம். வந்தவர்கள் ஒரே விஷயத்தை மூன்று முறை சுற்றிச் சொன்னாலும் குறுக்கிடாமல் கேட்டார்; பொய் சொன்னால் சட்டென்று அதட்டினார். அதட்டும்போது அந்தப் பழைய தெளிவு குரலில் வந்துவிடும்.

ஓர் இரவு அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குடும்பமே கூடி நின்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன பெண் கங்கா. அவள் பக்கத்தைக் கேட்க ஒரு நாற்காலி அந்த வீட்டில் இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, அதே முகம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றப் பெண்களின் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியின் பெயரைப் பாருங்கள். ஆர்.கே.வி. எழுதிய கதையைப் பத்திரிகையில் படித்தபோது கங்காவின் மனதில் வந்திருக்கக்கூடிய சொற்களே அவைதான். நிகழ்ச்சி நடத்தியவர்கள் இதை நினைத்துச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நடிகையின் வாழ்க்கை நீளமாக இருந்தால் இப்படிப்பட்ட கோடுகள் தானாக விழுகின்றன; அவற்றைப் படித்துச் சொல்வது விமர்சகர் வேலை. நம் மேடைகளில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை என்பதுதான் என் குறை.

பிற்காலத்தில் அவர் தெலுங்கில் செய்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் தனிகெல்ல பரணி இயக்கிய 'மிதுனம்'. படம் முழுக்க ஏறக்குறைய இரண்டே பேர், எஸ்.பி.பாலசுப்ரமணியமும் லட்சுமியும். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வயதான தம்பதி. சமையல், தோட்டம், செல்லச் சண்டை. கதை என்று சொல்ல அதிகம் இல்லை. அப்படிப்பட்ட படத்தில் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 2019இல் நந்தினி ரெட்டி இயக்கிய 'ஓ! பேபி'. மூதாட்டி ஒருவர் திடீரென்று இளம்பெண்ணாகிவிடுகிறார். மூதாட்டி லட்சுமி, இளம்பெண் சமந்தா. அந்த இளம்பெண் நடப்பதும் அதட்டுவதும் லட்சுமியின் வழியில்தான். அறுபத்தாறு வயதில் அவருடைய நடிப்பையே பாடமாக வைத்து இன்னொருவர் நடிக்க வேண்டியிருந்தது. 1968இலிருந்து எண்ணினால் ஐம்பத்தோரு ஆண்டுகள். தெலுங்கு எனக்குப் பாதிதான் புரியும். குரல் முழுவதும் புரிந்தது.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். 2027இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' திரைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அந்த ஆண்டு ஏப்ரல் கூட்டத்தை நீங்கள் கங்காவுக்காக நடத்த வேண்டும், அதில் லட்சுமியின் நடிப்பே பேசுபொருளாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடையும் நினைவுப்பரிசும் நான் கேட்பது அல்ல. அவற்றை அவர் நிறையப் பார்த்திருப்பார். முதல் நாள் அந்தப் படத்தையும் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' படத்தையும் நல்ல பிரதியில், முறையாக உரிமை பெற்று, பெரிய திரையில் காட்டுங்கள். கைபேசியிலிருந்து புரொஜெக்டரில் போட்டு, நடுவில் விளம்பரம் வந்து நிற்கிற திரையிடலை நம் ஊர் ஒருமுறை பார்த்தது போதும். நல்ல பிரதி எங்கே இருக்கிறது என்று, புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கல்லூரியின் பெயரில் ஒரு கடிதம் போனால் அதற்கு மதிப்பு இருக்கும். மறுநாள், நாவலின் பக்கங்களையும் படத்தின் காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். கங்காவின் மனவோட்டமாக நாவலில் உள்ள ஒரு பகுதியை ஒரு மாணவி வாசிக்கட்டும். அதே இடத்தைப் படத்தில் ஓடவிட்டு, எந்தச் சொல் போனது, அதற்குப் பதில் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்கலாம். குறளையும் உரையையும் வகுப்பில் அப்படித்தானே நடத்துகிறீர்கள்? புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், தெரிந்த முறையை இதற்கும் பயன்படுத்தினால் போதும்.

பேசுபவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். இதுவரை நான் கேட்ட கூட்டங்களில் கங்கா செய்தது சரியா தவறா என்று பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். கதையில் கங்காவுக்குத் தீர்ப்புச் சொன்ன வெங்கு மாமாவும் ஆண்தான். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தலாகத்தான் சொல்கிறேன்.

லட்சுமி அவர்களை அழைக்க முடியுமானால் அழையுங்கள். வர இயலாது என்றாலும் பரவாயில்லை, இரண்டு பேர் நேரில் போய் ஒரு மணி நேரம் அவர் பேசுவதைப் பதிவு செய்து வாருங்கள். அவரிடம் சொந்த வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். பத்திரிகைகள் அதைக் கேட்டுக் கேட்டு, தொழிலைப் பற்றிக் கேட்காமலே அரை நூற்றாண்டை ஓட்டிவிட்டன. நாவலை எப்போது படித்தார், வசனத்தை எப்படி மனதில் ஏற்றினார், படப்பிடிப்பில் ஜெயகாந்தன் இருந்தாரா, இருந்தால் ஏதாவது திருத்தினாரா, கங்காவின் பேச்சு வேகத்தை யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். பீம்சிங் இல்லை, ஸ்ரீகாந்த் இல்லை, ஆர்.கே.வி.யாக நடித்த நாகேஷ் இல்லை, விஸ்வநாதனும் ஜெயகாந்தனும் 2015இல் சில மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அந்தப் படத்தின் உள்ளிருந்து பேசக்கூடியவர்களில் முதன்மையானவர் நம்மிடையே இருக்கிறார். ஜெயகாந்தன் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய மூலச்சான்று என்ன வேண்டும் என்று கல்லூரித் தமிழ்த்துறையினரை நான் பணிவோடு கேட்கிறேன்.

செலவைப் பற்றி நீங்கள் யோசிப்பீர்கள். என் ஓய்வூதியத்திலிருந்து முதல் பத்தாயிரம் ரூபாயை இன்றே தரத் தயாராக இருக்கிறேன். என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தோழிகள் நால்வர் இதே ஊரில் இருக்கிறார்கள்; அவர்களும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கும் வேலையை எங்களிடம் கொடுங்கள். ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதுவது எங்களுக்குப் பழக்கம்.

அம்மா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அந்தப் பெண் ஒருநாள் நம் ஊருக்கு வந்தால், முன்வரிசையில் ஒரு நாற்காலியை அம்மாவுக்காக விட்டுவைக்கச் சொல்லி அமைப்பாளரிடம் கேட்பேன். நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் வாசகி,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.